பிணக்கூறாய்வு அறையில் எழுந்த வினா

லண்டன் கைஸ் மருத்துவமனையில் இறந்தோரின் உடல்களைக் கூறாய்வு செய்வதும், நோயுற்ற உறுப்புகளை அருங்காட்சியகத்தில் பேணுவதும் தாமஸ் ஹாட்கினின் பணி. 1798-இல் குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, பாரிஸில் லென்னக்கிடம் ஸ்டெதாஸ்கோப்பின் பயன்பாட்டைக் கற்றுத் திரும்பியவருக்குக் கிடைத்த வேலை அது. நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவருக்கு இருந்த மதிப்பு அதற்கு இல்லை.

1832-இல் லண்டனின் மருத்துவ, அறுவை மருத்துவக் கழகத்தில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. உறுப்பினராக இல்லாததால் அவரே அதை வாசிக்க இயலவில்லை. நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் பெருத்து இறந்துபோன ஏழு பேரைப் பற்றியது அக்கட்டுரை. வேறோர் அழற்சியின் பின்விளைவாக வராமல், கணுக்களிலேயே தோன்றும் நோய் இது என்று அவர் கருதினார். வெறுங்கண்ணால் கண்டதைக் கொண்டே இம்முடிவுக்கு வந்தார். ஐந்தாண்டுகளுக்கு முன்பு ஜோசப் ஜாக்சன் லிஸ்டருடன் இணைந்து நுண்ணோக்கி வழியே ரத்தச் சிவப்பணுவின் வடிவத்தை விவரித்தவர்தாம் அவர். ஆனால், திசுவை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றிப் பார்க்கும் முறை அன்று வளர்ந்திருக்கவில்லை.

அக்கட்டுரையைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1837-இல் உதவி மருத்துவர் பதவி காலியானபோது ஹாட்கின் புறக்கணிக்கப்பட்டார். வட அமெரிக்கப் பூர்வகுடிகள்மீது தோல் வணிகம் இழைத்த தீங்குகளை அவர் கண்டித்துவந்தார். மருத்துவமனைப் பொருளாளர் பெஞ்சமின் ஹாரிசனோ அவ்வணிகத்தை நடத்திய ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்தவர். பதவி கைநழுவியதில் இதற்குப் பங்குண்டு என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. ஹாட்கின் விலகினார். பூர்வகுடிகள் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகி, எஞ்சிய வாழ்வின் பெரும்பகுதியை அதற்கே அளித்தார். நோயியல் ஓர் ஆய்வாளரை இழந்தது. அவர் வருந்தியிருக்கலாம், பணிந்துபோகவில்லை.

1865-இல் சாமுவேல் வில்க்ஸ் அந்நோய்க்கு ஹாட்கினின் பெயரைச் சூட்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், நண்பர் மோசஸ் மான்டிபியோருடன் பாலஸ்தீனத்துக்குச் சென்ற ஹாட்கின் யாஃபாவில் வயிற்றுக்கடுப்பால் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கணுக்களில் தோன்றும் நோய் என்றார். கணுவின் எந்தச் செல்லில் தோன்றுகிறது? 1898-இல் கார்ல் ஸ்டெர்ன்பெர்க்கும் 1902-இல் டோரதி ரீடும் அந்நோய்க்கே உரிய பெருஞ்செல்களைத் தெளிவாக விவரித்தனர். ஆனால் கட்டியில் அவை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். மற்றவை சுற்றிக் குழுமிய சாதாரணச் செல்கள். தம் பிறப்பின் அடையாளங்களையும் அப்பெருஞ்செல்கள் பெரிதும் இழந்திருந்தன. அவை எதிலிருந்து வந்தவை என்ற சர்ச்சை ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது.

விடை ஆன்டிபாடி மரபணுவில் இருந்தது. நோய் எதிர்ப்புக்கான ஒவ்வொரு பி செல்லும் மரபணுத் துண்டுகளைத் தனக்கே உரிய வகையில் இணைத்து ஆன்டிபாடியை உருவாக்குகிறது. பின்பு நிணநீர்க் கணுவுக்குள் அம்மரபணுவில் மாற்றங்கள் மேலும் ஏறுகின்றன. செல்லின் வழித்தோன்றல்கள் அனைத்திலும் அந்தத் தழும்புகள் தொடரும். 1994-இல் ஜெர்மனியின் ரால்ஃப் கூப்பர்ஸ், கிளவுஸ் ராயெவ்ஸ்கி, மார்ட்டின்-லியோ ஹான்ஸ்மான் குழுவினர் பெருஞ்செல்களைத் திசுவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அந்த மரபணுவைப் படித்தனர். ஒரு நோயாளியின் பெருஞ்செல்களில் ஒரே இணைப்பு, ஒரே தழும்புகள். அவை ஒற்றைப் பி செல்லின் சந்ததி.

1996-இல் வெளியான ஆய்வு இன்னும் விந்தையானது. சிலரின் செல்களில் ஆன்டிபாடி மரபணுவே பயனற்றுப்போகும்படி மாறியிருந்தது. அத்தகைய பி செல்லை உடல் கணுவுக்குள்ளேயே மடியச் செய்துவிடும். இறந்திருக்க வேண்டிய செல், எப்படியோ தப்பிப் புற்றாகியிருக்கிறது. சில நோயாளிகளிடம் அதற்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ் துணைபோகிறது.

ஹாட்கின் சேமித்த உறுப்புகளில் சில, கைஸ் வளாகத்தின் கார்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. 1926-இல் அவருடைய பழைய மாதிரிகளிலிருந்து திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிலவற்றில் அந்நோய் உறுதியானது.