புதுமைப்பித்தனும் பிரேத மனிதனும்

சொ. விருத்தாசலம் 1906 ஏப்ரல் 25இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். இடமாற்றங்கள் மிகுந்த அப்பதவியோடு மகனின் பள்ளிகளும் மாறின. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் 1931இல் பட்டம் பெற்றார். மணந்தது திருவனந்தபுரத்துக் கமலாவை. நாஞ்சில் நாடும் அந்நகரும் அன்று ஒரே சமஸ்தானத்தில் இருந்தன. ஆதலின் நாஞ்சிலார் அவரை மாப்பிள்ளை முறை கொண்டாடினும் பிழையில்லை.

சென்னை சென்று மணிக்கொடியிலும் தினமணியிலும் புதுமைப்பித்தனாக அவர் எழுதியது பலரும் அறிந்த வரலாறு. அதிகம் பேசப்படாதது அவருடைய தமிழாக்கங்களுள் ஒன்று. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட பிராங்கன்ஸ்டைன் நாவலை அவர் 'பிரேத மனிதன்' எனத் தமிழில் தந்தார். மூலத்தின் பெயர் படைத்தவனுடையது. படைக்கப்பட்டவனுக்குப் பெயரே இல்லை. தமிழ்த் தலைப்போ படைக்கப்பட்டவனை முன்னிறுத்தி, அவன் உடல் வந்த வழியையே பெயராகச் சூட்டிவிட்டது. எட்டடி உயரம், தசையையும் நாளங்களையும் மறைக்கப் போதாத மஞ்சள் தோல், நீர்த்த கண்கள், கறுத்த உதடுகள், இவற்றிடையே முத்துப் பற்களும் கருங்கூந்தலும். அழகிய உறுப்புகளைத் தேர்ந்தெடுத்தும், சேர்த்தபோது கோரமாயிற்று. (கழுத்தில் துருத்தும் இரும்பு முளைகள் 1931ஆம் ஆண்டுத் திரைப்படம் தந்தவை, நாவலில் அவை இல்லை.) மொழி கற்று, நூல் கற்று, அன்பை வேண்டி நின்றவனை மனிதர் இக்குறிகளைக் கண்டே விரட்டினர். அவனை அமரவைத்துப் பேசியவர் பார்வையற்ற முதியவர் ஒருவரே.

உடற்குறி கொண்டு இனம் பிரிப்பது நம் கதைமரபுக்குப் புதிதன்று. நளன் வடிவில் வந்த தேவரை இமையாக் கண்ணாலும் நிலந்தோயா அடியாலும் தமயந்தி பிரித்தறிந்தாள். அந்த அடியையே புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யில் வாயிலில் நின்ற பிச்சைக்காரிக்குத் தந்தார்; அவள் கால் தரையில் பாவுகிறதா என்னும் ஐயத்திலிருந்தே கதையின் அச்சம் கிளைக்கிறது. பேயென்றோ பெண்ணென்றோ அவர் தீர்த்துச் சொல்லவில்லை. அதுவே அவர் திறம். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கறுத்த மிடற்றோடு சென்னைத் தெருவில் நிற்பவரோ காப்பி குடிக்க அழைத்துச் செல்லப்படுகிறார்!

வறுமை அவரைத் திரையுலகுக்குச் செலுத்தியது. 'ராஜமுக்தி' படப்பணிக்காகப் புனே சென்றவிடத்தில் காசநோய் முற்றியது. உருக்குலைந்த உடலோடு திருவனந்தபுரம் திரும்பியவர் 1948 ஜூன் 30இல் மறைந்தார், அகவை 42. தொ. மு. சி. ரகுநாதன் 1951இல் அவர் வரலாற்றை நூலாக்கினார். படைப்புகள் 2002இல் நாட்டுடைமையாயின.