மண்ணுள் மறைந்த செல்வம்

திருத்தணிகை மலையில் கோயில் கொண்ட முருகனுக்கு உரிய மலர் என நம் முன்னோர் போற்றியது காந்தள். மழை ஓய்ந்தபின் அக்கொடி மடிந்துவிடும். ஆயினும், மண்ணுள் கிடக்கும் கிழங்கு அழியாது. அடுத்த மழையில் மீண்டும் தளிர்க்கும். நரிவெங்காயம் குமிழிலும், இஞ்சியும் மஞ்சளும் கிழங்கிலும் உணவைச் சேமிக்கின்றன. வேறு சில செடிகள் அடித்தண்டு பருத்து நீரைத் தேக்கிக்கொள்கின்றன. இவற்றுள் இஞ்சிக் குடும்பத்தை நுணுகி ஆராய்ந்த முன்னோடி கோனிக் ஆவார்.

யோகான் கெரார்டு கோனிக் 1728ஆம் ஆண்டு, இன்றைய லாட்வியா நாட்டிலுள்ள ஓர் ஊரில் பிறந்தார். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசிடம் செடிநூல் பயின்றார். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கிருந்த சமயத் தொண்டர்க்கு மருத்துவராகப் பணிபுரிந்தார். ஓய்ந்த நேரமெல்லாம் செடிகளைத் தொகுத்துத் தம் ஆசிரியருக்கு அனுப்பினார். லின்னேயசும் மகிழ்ந்து, நம் அடுக்களைக் கறிவேப்பிலையின் அறிவியற்பெயரில் மாணவர் பெயரைப் பொறித்தார்.

தரங்கம்பாடியில் பெற்ற ஊதியம் ஆராய்ச்சிக்குப் போதவில்லை. ஆதலின், 1774இல் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக அமர்ந்தார். தணிகைப் பகுதியும் அந்நாளில் அந்நவாபின் மேலாட்சிக்கு உட்பட்டதே. சென்னைக்கு வடக்கிலுள்ள மலைகளிலும் இலங்கையிலும் அவர் செடி தேடி அலைந்தார்.

1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியேற்று, சயாமுக்கும் மலாக்காவுக்கும் கடல்வழிச் சென்றார். இஞ்சியினப் பூக்கள் மிக மெல்லியவை, உலர்த்தினால் உருவிழப்பவை. ஆகவே, அவற்றைத் தொலைநாட்டில் இருந்துகொண்டு ஆராய்தல் அரிது. கோனிக் அவை முளைத்த இடத்திலேயே இருந்து, வாடுமுன் உறுப்புறுப்பாக நோக்கிக் குறிப்பெழுதினார். அக்குறிப்புகள் 1783இல் ரெட்சியஸ் என்பாரின் நூலில் வெளிவந்தன. சௌகந்திகம் என வழங்கும் நறுமணச் செடிக்கு அறிவியற்பெயர் இட்டவரும் அவரே.

ஓயாத பயணம் உடலை வருத்தியது. 1785ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள், காக்கிநாடாவை அடுத்த சகந்நாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பால் மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 56. அருகிருந்து மருத்துவம் செய்தவர் நண்பர் ராக்ஸ்பரோ. தம் கையெழுத்துச் சுவடிகள் அனைத்தையும் கோனிக் இலண்டனிலிருந்த சோசப் பாங்க்சுக்கு உரிமையாக்கியிருந்தார். அவருடைய சயாம் பயண நாட்குறிப்பு 1894இல்தான் அச்சேறியது.

ராக்ஸ்பரோ சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிப் பெருநூல் படைத்தார். தமிழகராதி தொகுத்த ராட்லரும் கோனிக்கின் வழியில் செடி ஆராய்ந்தார். தம் உழைப்பின் பயனை முழுதும் காணாமலே மறைந்தார் கோனிக். எனினும், அவ்வுழைப்பு மண்ணுள் கிடக்கும் கிழங்குபோல் அழியாது நின்று, பின்வந்தோர்தம் அறிவாகத் தளிர்த்தது.