அகிட்சுனே இமாமுரா

அகிட்சுனே இமாமுரா (ஜூன் 14, 1870 – ஜனவரி 1, 1948) ஜப்பானைச் சேர்ந்த நிலநடுக்கவியலாளர் ஆவார். 1923 ஆம் ஆண்டில் தோக்கியோவை அழித்த பெரும் காண்டோ நிலநடுக்கம் குறித்துப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தவர் என்ற வகையில் அறியப்படுகிறார். எனினும் அவர் பெரிதும் அஞ்சியது நில அதிர்வை அன்று. அதைத் தொடர்ந்து வீடுகளில் பற்றக்கூடிய தீயையே.

வாழ்க்கை

இமாமுரா தெற்கு ஜப்பானின் ககோசிமாவில் பிறந்தார். தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று, பின்னர் அங்கேயே நிலநடுக்கவியல் துறையில் துணைப் பேராசிரியரானார். பல ஆண்டுகள் இப்பதவிக்கு ஊதியம் கிடைக்கவில்லை. இராணுவப் பள்ளியில் கணிதம் கற்பித்தே வாழ்க்கை நடத்தினார். துறையின் பேராசிரியரான புசாகிச்சி ஓமோரி அவரைவிட இரண்டு வயதே மூத்தவர்.

1896 இல் சன்ரிக்கு கடற்கரையில் சுமார் 22,000 பேரைப் பலிகொண்ட ஆழிப்பேரலையை ஆராய்ந்து, கடலடித்தரையின் அசைவே அதற்குக் காரணம் என்றார். அக்காலத்தில் ஏற்கப்படாத இக்கருத்தே இன்று பாடநூல்களில் உள்ளது.

1905 ஆம் ஆண்டு எச்சரிக்கை

தோக்கியோவின் பழைய நிலநடுக்கங்களின் கால இடைவெளிகளைக் கணக்கிட்ட இமாமுரா, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் பெரும் நிலநடுக்கம் நிகழக்கூடும் என 1905 இல் ஓர் இதழில் எழுதினார். குழாய்கள் உடைந்து நீர் கிடைக்காமல் போகும், மரவீடுகள் நெருங்கிய நகரில் தீ பரவும், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கலாம் என்பது அவர் கணிப்பு. மண்ணெண்ணெய் விளக்குகளைக் கைவிட்டு மின்விளக்குக்கு மாறும்படியும் வலியுறுத்தினார்.

1906 தொடக்கத்தில் ஒரு செய்தித்தாள் இதனைப் பரபரப்பாக வெளியிட, மக்களிடையே பீதி எழுந்தது. அதனை அடக்க முனைந்த ஓமோரி, இமாமுராவின் கருத்துக்கு அடிப்படை இல்லை என மறுத்து எழுதினார். இமாமுரா வதந்தி பரப்புபவர் என ஏளனத்துக்கு ஆளானார். பீதி அடங்கியது, அதனுடன் தீத்தடுப்புப் பற்றிய அவரது யோசனைகளும் மறக்கப்பட்டன.

1923 நிலநடுக்கம்

செப்டம்பர் 1, 1923 முற்பகல் 11:58 மணிக்கு நிலம் அதிர்ந்தது. மதிய உணவுக்காக வீடுகளில் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த நேரம் அது. பலத்த காற்றும் வீசியது, குழாய்கள் உடைந்திருந்தன. இறந்தோரும் காணாமற் போனோருமாகச் சுமார் 1,05,000 பேரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் தீயினால் மாண்டனர். பழைய இராணுவ உடைக் கிடங்கு இருந்த ஒரே திடலில் மட்டும் சுமார் 38,000 பேர் இறந்தனர். அவர்கள் வீட்டிலிருந்து சுமந்து வந்திருந்த தட்டுமுட்டுப் பொருட்களும் அங்கே தீக்கு இரையாகி அதனை வளர்த்தன.

ஓமோரி அப்போது ஆத்திரேலியாவில் இருந்தார். நோயுற்று நாடு திரும்பி நவம்பரில் காலமானார். அவரது இடத்துக்கு இமாமுரா வந்தார்.

வீடுகளுக்கான பத்து விதிகள்

பின்னர் சிறுவர்களுக்காக எழுதிய நிலநடுக்க நூலில் பத்து விதிகளைத் தந்தார். சில நொடிகளில் திறந்த வெளியை அடைய முடியுமானால் மட்டும் ஓடவேண்டும். மாடியில் இருப்போர் மாடியிலேயே தங்குவது மேல். சுவர், புகைபோக்கி, கல்விளக்கு ஆகியவற்றை நெருங்கக்கூடாது. முதல் ஒரு நிமிடம் கடந்ததும் முதலில் தீயை அணைக்கவேண்டும், ஆட்களை மீட்பது அதற்கு அடுத்ததே என்பது கடுமையாகத் தோன்றினாலும், 1923 ஐக் கண்டவரின் கணக்கு அது. இடிந்த வீட்டில் ஓரிரு மணி நேரம் கழித்தும் தீப்பற்றலாம் என்றும், குழாய்நீர் நின்றுவிடும் எனக் கொண்டு உடனே நீரைச் சேமிக்கவேண்டும் என்றும் குறிப்பிட்டார்.

இவற்றுள் சில இன்று பொருந்தா. 2011 நிலநடுக்கத்தில் அதிர்வு பல நிமிடங்கள் நீடித்தது. இக்கால ஜப்பானிய வீடுகளில் பலத்த அதிர்வின்போது எரிவாயு தானாகவே நின்றுவிடும்.

இறுதிக் காலம்

அடுத்த பேரதிர்வு நான்காய் கடற்பகுதியில் நிகழும் எனக் கருதிய இமாமுரா, 1928 இல் வாகயாமாவில் தம் சொந்த முயற்சியால் ஓர் ஆய்வகம் நிறுவினார். போரினால் அப்பணி தளர்ந்தது. 1944, 1946 ஆம் ஆண்டுகளில் அவர் கருதிய பகுதியிலேயே இரு பெரும் நிலநடுக்கங்கள் நிகழ்ந்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டாவது நிகழ்ந்து ஓராண்டுக்குப் பின் இமாமுரா காலமானார்.