லோட்டே ரைனிகர் அம்மையார்

தாளில் உருவங்களை வெட்டி, சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படம் பிடித்து ஓடவிட்டால், அவை உயிர் பெற்று நடப்பனபோலத் தோன்றும். இவ்வெட்டுருவப் படக்கலையை இந்நாளில் கைப்பேசி ஒன்றைக் கொண்டே மாணவர் பயிலலாம். கருவி எளிதிற் கிடைப்பினும், தமக்குரிய உருவ அமைதியை எங்கே தேடுவது என்பது அவரை மயக்கும் வினாவாகும். அதற்கு விடையாக அமைந்தது லோட்டே ரைனிகர் அம்மையாரின் வாழ்க்கை.

அம்மையார் 1899-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் ஜெர்மனி நாட்டுப் பெர்லினைச் சார்ந்த சார்லட்டன்பர்க்கில் தோன்றினார். இளமையிலேயே கத்தரிக்கோல் அவர் கைக்கு இயல்பாயிற்று. சீன நாட்டு நிழற்பாவைக் கூத்து அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பின்னர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகப் பள்ளியிற் சேர்ந்து, நடிகர் நிற்கும் நிலைகளைக் கூர்ந்து நோக்கி நிழலுருவங்களாக வெட்டினார். அத்திறத்தை வியந்த நடிகர் பவுல் வேகனர் அவரைத் தம் படவேலைக்கு அழைத்துக்கொண்டார். 1918-இல் ஹாமெலின் நகரத்துக் குழலூதியின் கதையைப் படமாக்குங்கால், உயிருள்ள எலிகள் சொற்படி நடவாமையின், மரத்தாற் செய்த எலிகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடிக்க அம்மையார் துணைபுரிந்தார். மறு ஆண்டே தம் முதற் படத்தை வெளியிட்டார். 1921-இல் கார்ல் கோக் என்பாரை மணந்தார்.

1923-இல் லூயி ஹாகன் என்னும் வங்கிச் செல்வர் பொருளுதவ, ஆயிரத்தோர் இரவுக் கதைகளைத் தழுவி இளவரசன் அகமதுவின் வரலாற்றைப் படமாக்கத் தொடங்கினார். கரிய அட்டையும் மெல்லிய ஈயத்தகடும் கொண்டு வெட்டிய உறுப்புக்களைக் கம்பியாற் பிணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடிமேற் கிடத்தி, மேலிருந்து படம் பிடித்தனர். ஏறத்தாழ 65 நிமிடம் ஓடும் அப்படத்திற்கு மூன்று ஆண்டுகள் சென்றன. 1926-இல் வெளிவந்த அதுவே, இன்று எஞ்சியுள்ள இயங்கு ஓவிய நெடும்படங்களுள் மிகப் பழையது. வால்ட் டிஸ்னியின் முதல் நெடும்படம் அதற்கு 11 ஆண்டு பிற்பட்டதே.

கரிய நிழலுருவில் முகக்குறிப்புக் காட்ட இடமில்லை. உவகையும் துயரும் தோளின் சாய்விலும் விரலின் வளைவிலுமே விளங்கல் வேண்டும். அக்குறையையே அம்மையார் தம் கலையின் தனிச்சிறப்பாக்கினார்.

ஹிட்லர் ஆட்சியை வெறுத்து 1935-இல் நாட்டை நீங்கிய அவருக்கு எந்நாடும் நிலையான புகலிடம் அளிக்கவில்லை. நாடுதோறும் அலைந்த காலத்தும் கத்தரிக்கோலைக் கைவிட்டாரல்லர். கிரேக்க நாட்டில் அவ்வூர் நிழற்கூத்தையும் கண்டு பயின்றார். போர்க்காலத்தில் நோயுற்ற அன்னையைப் பேணப் பெர்லின் திரும்பினார். அகமது படத்தின் மூலச்சுருள் அப்போரில் அழிந்தது. வேறிடத்துக் காக்கப்பட்ட படியினாலேயே அப்படம் பிழைத்தது. 1949-இல் லண்டனிற் குடியேறி மீண்டும் படைக்கலானார். 1955-இல் வெனிஸ் விழாவிற் பரிசும் பெற்றார். 1981-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் தம் 82-ஆம் வயதில் மறைந்தார்.

பழங்கலையும் உயிருள்ள மேனியும் ஆகிய இரண்டுமே அம்மையார்க்கு ஆசிரியர். இவ்விரண்டும் நமக்கும் அண்மையிலேயே உள்ளன. சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் 108 கரணங்களும் கல்லில் நிற்கின்றன. கடலூர்த் துறையில் வலையிழுப்பாரின் முதுகு நாள்தோறும் வளைகின்றது. தமிழகத்துத் தோற்பாவைக் கூத்தோ ஒளியூடுருவும் வண்ணத்தால் வேறொரு வழி காட்டுகின்றது. பிறர் படத்தைப் பார்த்து வெட்டுமுன், இவற்றைக் கண்ணாரக் கண்டு பயிலுதல் நம் மாணவர் கடனாம்.