மானிப்பாயில் தமிழில் படித்த மருத்துவர்கள்

உளவளத்துணைப் பயிற்சி பற்றி எழுதுவதற்காகச் சில மாதங்களாகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். எந்த அமைப்பு யாரோடு சேர்ந்து பயிற்சி நடத்துகிறது, சான்றிதழை யார் ஏற்கிறார்கள், நிதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் எல்லாம் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கின்றன. பயிற்சி எந்த மொழியில்? பயின்றவர் எங்கே இருந்து வேலை செய்யப்போகிறார்? யாழ்ப்பாணக் குடாநாட்டில் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டியவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் நகரில் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டே மானிப்பாய். வந்த சூட்டோடு மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். ஒரு மருத்துவரால் குடாநாடு முழுவதையும் பார்க்க முடியாது என்பது அவருக்கு உடனேயே விளங்கியிருக்க வேண்டும்.

அவரை அனுப்பியது மத நிறுவனம். மருத்துவத்தைச் சமயம் பரப்பும் வழியாகவும் அவர் பார்த்தார். இதை மறைத்து அவரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. படித்து முடித்தவர்களுக்கு அரசாங்கத்தில் உத்தியோகம் கிடைத்தது, சம்பளமும் நல்லது. பலர் வெளியூர் போனார்கள். கிராமத்து நோயாளி பழையபடி மருத்துவர் இல்லாமலே இருந்தார். மிசன் செலவழித்துப் பயிற்றுவிக்கும், அரசாங்கம் அழைத்துக்கொள்ளும் என்ற இந்த ஏற்பாட்டில் நட்டம் யாருக்கு என்று கிறீன் கணக்குப் பார்த்தார். இன்றைக்குத் தொண்டு நிறுவனங்களில் பயிற்சி பெற்றவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

1850களின் இறுதியில் விடுமுறையில் அமெரிக்கா சென்றவர், 1862இல் மனைவியோடு திரும்பி வந்தார். சில ஆண்டுகளுக்குள் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலம் படித்தால்தான் உத்தியோகம் என்றிருந்த காலத்தில் இது எளிதில் எடுபடக்கூடிய யோசனையா? ஆனாலும் பின்வாங்கவில்லை. மாணவர்கள் வேட்டியை விட்டுக் காற்சட்டைக்கு மாறுவதைக்கூட அவர் விரும்பவில்லை. தன்னைப் போல ஆகாமல், ஊர்க்காரராகவே இருந்து வைத்தியம் செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம், கெமிஸ்தம் என்று 4000 பக்கங்களுக்கு மேல் வந்தது. கலைச்சொல்லுக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு சுலபமானது: முதலில் தமிழில் தேடுவது, இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. சில சொற்கள் இன்று வாயில் நுழையாது. ஆனால் அந்தச் சொற்களை வைத்துத்தான் ஊரில் மருத்துவர்கள் உருவானார்கள். மொத்தம் 60 பேருக்கு மேல், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே படித்தவர்கள்.

1873இல் நாடு திரும்பினார். வூஸ்ரரில் இருந்தபடியும் தமிழ் மொழிபெயர்ப்பு வேலையை அவர் விடவில்லை. 1884 மே மாதம் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற செய்தி அவருடைய கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவருக்குப் பிறகு குடாநாட்டில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கே போனது. உளநலத் துறையில் அதே கேள்வி போரோடு திரும்பி வந்தது. 1987இல் யாழ்ப்பாணத்தில் சாந்திகம் தொடங்கியது. 1993இல் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் 'மனவடு' நூல் வெளிவந்தது. குண்டுவீச்சையும் இடப்பெயர்வையும் கண்டவர்களின் மனநிலையை அவர்களுக்கே விளங்கும் சொல்லில் பேச அந்தத் தலைப்பு ஒன்றே பெரிய உதவி. ஆசிரியர்களையும் கிராம மட்டத்தில் வேலை செய்பவர்களையும் தமிழில் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழகத்தவர்களும் சாந்திகமும் வெளிநாட்டு உளசமூக அமைப்புகளும் கைகோத்தன. கிறீனுக்கு மிசன் ஒன்றுதான் பின்னால் நின்றது. இவர்களுக்குப் பலர் நின்றார்கள், ஆனால் அனுமதி வேறு ஒருவரின் கையில் இருந்தது.

2009க்குப் பின் வடக்குக்கான ஜனாதிபதி செயலணி உளசமூக வேலைத்திட்டங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம், வன்னியிலிருந்து வந்தவர்களோடு மனம்விட்டுப் பேசும் திட்டத்துக்கு மட்டும் தடை. தமிழில் பயின்றவர்கள் இருந்தார்கள், சொற்களும் இருந்தன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு அவை மிகவும் தேவைப்பட்ட காலம் அது.