கரிய தாரின் பொருள் கண்டவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் இரவுகளை நிலக்கரி வாயு விளக்குகள் ஒளிபெறச் செய்தன. காற்றுப் புகாத கலங்களில் நிலக்கரியைச் சூடேற்றி அவ்வாயுவைப் பெற்றனர். உடன் வெளிப்பட்ட கரிய, பிசுபிசுப்பான தாரோ பெரும்பாலும் கழிவாகவே கருதப்பட்டது. அக்கழிவினுள் இருப்பது யாது என ஆராய்ந்து விடை கண்டவருள் தலைசிறந்தவர் அகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன்.

ஜெர்மனியின் கீசன் நகரில் 1818ஆம் ஆண்டு பிறந்த ஹாஃப்மன், முதலில் சட்டமும் மொழியியலும் பயின்றார். வேதியியல் பேரறிஞர் லீபிக்கின் ஆய்வுக்கூடம் அவரைத் தன்பால் ஈர்த்தது. அங்கு வந்து சேர்ந்த நிலக்கரித் தார் எண்ணெயை ஆராயும் பணி அவ்விளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் அவ்வெண்ணெயை அமிலத்துடன் சேர்த்துக் குலுக்கி, அதிலிருந்த காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். பின்னர்க் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கினார். அவ்வாறு கிடைத்த பொருள்களுள் ஒன்று அவரைச் சிந்திக்க வைத்தது. அக்காலத்தில் அவுரி நீலத்திலிருந்து உன்வெர்டார்பன் பெற்ற பொருளுக்கும் ஃபிரிட்ஷே பெற்ற பொருளுக்கும், தாரிலிருந்து ரூங்கே பெற்ற பொருளுக்கும், நைட்ரோபென்சீனிலிருந்து ஜினின் உருவாக்கிய பொருளுக்கும் வெவ்வேறு பெயர்கள் வழங்கின. ஹாஃப்மன் அவற்றின் இயல்புகளை ஒப்பிட்டு, நான்கும் ஒரே பொருள் என 1843இல் நிறுவினார். அதுவே இன்று நாம் அறியும் அனிலீன்.

1845இல் இலண்டன் வேதியியல் கல்லூரியின் பொறுப்பேற்ற ஹாஃப்மன், தார் ஆய்வில் மாணவர்களையும் ஈடுபடுத்தினார். அவர்களுள் மான்ஸ்ஃபீல்டு தாரிலிருந்து பென்சீனைப் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தார். எனினும் 1855இல் அப்பணியிடையே மூண்ட தீ அவர் உயிரைப் பறித்தது. மறு ஆண்டு, பதினெட்டு வயதே நிரம்பிய பெர்கின், கொயினா மருந்தைச் செயற்கையாக உருவாக்க முயன்றபோது, அனிலீனிலிருந்து ஊதாச் சாயம் கண்டார். ஆய்வை விடுத்துத் தொழிலில் இறங்க அவர் துணிந்ததை ஆசிரியர் விரும்பவில்லை. ஆயினும் அச்சாயம் மாபெரும் தொழில்துறைக்கு வித்திட்டது. ஹாஃப்மனும் பின்னர்ச் சாயங்களை ஆராய்ந்து புதிய ஊதா வண்ணங்களை ஆக்கினார்.

1865இல் தாயகம் திரும்பிய அவர், பெர்லினில் பேராசிரியராகத் தொண்டாற்றினார்; ஜெர்மன் வேதியியல் கழகம் தோன்றவும் காரணமானார். அமைடுகளை அமீன்களாக மாற்றும் வினை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. 1892இல் அவர் மறைந்தார். பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட தாரைப் பொறுமையோடு பகுத்து ஆராய்ந்தமையால், உலகம் புதிய வண்ணங்களைப் பெற்றது. வேதியியலும் புதிய வழியைக் கண்டது.