மட்ட மார்க்கு வாங்கிய மேதை

உலர்ந்த உப்பில் மின்சாரம் பாயாது. சுத்தமான தண்ணீரிலும் அநேகமாகப் பாயாது. இரண்டையும் கலந்தாலோ தாராளமாகப் பாய்கிறது! சர்க்கரைத் தண்ணீரில் இந்த வித்தை பலிப்பதில்லை. ஏன்?

இந்தப் புதிரை விடுவித்தவர் ஸ்வாண்டே அரீனியஸ். ஸ்வீடனில் உப்சாலா நகருக்கு அருகே 1859-ல் பிறந்தவர். தகப்பனார் நில அளவைக்காரர்.

1884-ல் டாக்டர் பட்டத்துக்காக உப்சாலா சர்வகலாசாலையில் இதைப் பற்றி ஆராய்ச்சி நூல் ஒன்றைக் கொடுத்தார். பேராசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. போனால் போகிறதென்று மட்டமான மார்க்குப் போட்டுப் பட்டம் கொடுத்தார்கள். அந்த மார்க்குடன் கல்லூரி வேலை கிடைப்பதே சந்தேகம்.

வாலிபர் மனம் தளரவில்லை. நூலை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். ரீகா நகரிலிருந்து ஆஸ்ட்வால்ட் என்ற பேராசிரியர் நேரிலேயே வந்துவிட்டார், தம்மிடம் வேலைக்கு அழைக்க! பிறகு உப்சாலாவே அவருக்கு ஆசிரியர் பதவி அளித்தது.

1887-ல் கொள்கை முழு உருவம் பெற்றது. கரைந்த உப்பு சோடியம், குளோரின் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்றார் அரீனியஸ். பலர் சிரித்தார்கள். சோடியம் தண்ணீர் பட்டால் வெடிக்குமே. குளோரின் விஷவாயு ஆயிற்றே! நியாயமான கேள்விதான். ஆனால் கரைசலில் இருப்பவை மின்னேற்றம் பெற்ற அயனிகள். அவற்றின் குணமே வேறு.

சாட்சியும் இருந்தது. சர்க்கரை கரைந்தால் தண்ணீரின் உறைநிலை இறங்கும். அதே அளவு தண்ணீரில், சர்க்கரை மூலக்கூறு ஒன்றுக்குச் சோடியம்-குளோரின் ஜோடி ஒன்று என்ற கணக்கில் உப்பைப் போட்டால், ஏறக்குறைய இரண்டு மடங்கு இறங்கும். ஒன்று இரண்டானால்தானே இப்படி நடக்கும்?

இந்தக் கொள்கைக்காக 1903-ல் அவருக்கு ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. ஸ்வீடன் நாட்டவர் ஒருவர் பெற்ற முதல் நோபல் பரிசு அதுதான். 1927-ல் ஸ்டாக்ஹோமில் அரீனியஸ் காலமானார்.